தெக்கே, வடக்கு மூலை

என் பிரியமுள்ள மதினிக்கு, தாமுவே மூன்றாம் மாடியிலிருந்து சரோ எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போட உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "தனலெட்சுமி அம்மையார் அவர்கள் ஓர் அரிய பண்பாளர்" என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அந்த அம்மையார் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். ஊர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் நல்ல சேதி. உங்கள் புல் பூத்தது மதினி. கொஞ்சநஞ்சம் இல்லை, கண் கூசுகிற அளவுக்குப் பூத்தது.

ஆனால் நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை நான் செய்யவில்லை. அதற்கு நேர் எதிராகச் செய்தேன். கோபப்படாமல் கடைசி வரை கேளுங்கள்.

மலரைப் படிக்கிறவர்களுக்காக முன்கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தனம் மதினி என் வீட்டுக்காரருடைய அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருந்தார். லைங் தாயாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் சட்டைகளைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. கம்பெனி பஸ்ஸை இங்கே பர்மாவில் ஃபெர்ரி என்றுதான் சொல்கிறோம். அந்த ஃபெர்ரியில் இருபது வருஷம் ஒரே ஜன்னல் சீட்டு. பத்திரம் எழுதி வாங்கிய சொத்து போல அந்த சீட்டைப் பிடித்து வைத்திருந்தீர்கள் என்று நான் கேலி செய்வேன்.

அந்த ஜன்னல் வழியாகத்தான் நீங்கள் புல்லைப் பார்த்தீர்கள். முதல் வருஷங்களில் சாலையின் இரண்டு பக்கமும் புல்வெளியாக இருந்ததாம். பிறகு ஒரு ஃபேக்டரி, பிறகு பத்து, பிறகு அதில் வேலை செய்கிறவர்களுக்குக் கொட்டடி கொட்டடியாக வீடுகள். "யாரையும் குத்தம் சொல்ல முடியாது சரோ, நானே அந்த ஃபேக்டரியிலதான சோறு திங்கறேன்" என்பீர்கள். ஆனால் புல் போனது உங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு இழவும் உறுத்தவில்லை. நான் ரவிக்கை தைக்கிறவள். எனக்குத் தெரிந்த பச்சை பட்டுப் பச்சை, கிளிப் பச்சை, பாசிப் பச்சை, அவ்வளவுதான்.

ஃபேக்டரிக்குப் பக்கத்தில் முனீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் சங்கத்துக்கு ஒரு மனை கிடந்தது. கல்யாணக் கொட்டகை கட்ட வாங்கிப் போட்டது. யாரோ ஒரு கமிட்டிக்காரர் போட்டோவுக்கு அழகாக இருக்குமென்று வெளிநாட்டுக் கம்பளப் புல்லை அதில் விரிக்க, அது ஒரே கோடையில் பாய் மாதிரி சுருண்டு செத்தது. அப்புறம் ஆள் உயரத்துக்கு முள். தொட்டால் சுருங்கும், ஆனால் தொட்டவர் கையைக் கிழித்துவிட்டுத்தான் சுருங்கும்.

நீங்கள் பசுந்தாங்கில் சங்கத் தலைவர் மாரிமுத்துவின் (பெரியவர் என்பதால் பர்மீஸ் வழக்கப்படி ஊ மாரிமுத்து) மசாலாக் கடைக்குப் போய்க் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் கூட வந்திருந்தேன், மஞ்சள் தூள் வாங்க.

"கொட்டகை கட்ற வரைக்கும் அந்த எடத்துல நான் புல்லு வளத்துக்கறேன் தலைவரே. முன்ன இருந்த புல்லு."

"மாடு வாங்கப் போறியாம்மா?"

"இல்ல."

"பின்ன புல்லு யாருக்கு?"

"புல்லுக்குத்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டார்.

மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனீர்கள். முள்ளை வேரோடு பிடுங்கினீர்கள். ரயில் பாதை ஓரம், வாய்க்கால் மேடு என்று எங்கெங்கோ மிச்சமிருந்த புல்லிலிருந்து விதையும் வேர்த்துண்டும் கொண்டுவந்து நட்டீர்கள். நம் பால்கனி முழுக்க விதை போட்டு வைத்த பால்மாவு டப்பா. ஒரு தடவை அந்தப் பஞ்சு விதை பறந்து வந்து ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் அப்பிக்கொண்டது. அன்றைக்கு நான் ஆடினேனே ஓர் ஆட்டம்.

"இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உங்க புல்லு இருக்கணும் மதினி!"

"நீயே இரு சரோ. நீதான் நல்லா ரசம் வைப்ப" என்றீர்கள். அப்புறம் சாயங்காலம் வரை உட்கார்ந்து ஊசி முனையால் ஒவ்வொரு பஞ்சாக எடுத்துக் கொடுத்தீர்கள். எடுத்ததை மறுபடி டப்பாவில்தான் போட்டீர்கள் என்பதையும் நான் பார்த்தேன்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரத்தில் உங்கள் குரல் காற்றாகிவிட்டது. நான் காதை உங்கள் வாயருகே வைத்துத்தான் கேட்டேன். நீங்கள் சொன்னது இது: "சரோ, தெக்கே வெட்ட விடாத. தெக்கே இருந்தா குருவி வரும்." இரண்டு தடவை சொன்னீர்கள். "சரி மதினி, தெக்கே வெட்ட விடமாட்டேன்" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நீங்கள் சிரித்தீர்கள். உலகத்தில் நான் ஒழுங்காகப் புரிந்துகொண்ட ஒரே விஷயம் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

கருமாதி முடிந்து டப்பாக்களைத் திறந்தபோது ஒன்றில் உங்கள் குண்டு எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "தெக்கே, வடக்கு மூலை." அதைப் பார்த்து அழுதேன் மதினி. சட்டையில் ஓர் இழை விலகியிருந்தாலும் கண்டுபிடிக்கிற உங்களுக்கு, நோவு வந்து தெற்கு வடக்கே தெரியாமல் போய்விட்டதே என்று அழுதேன். உங்கள் தம்பியிடம் காட்டவில்லை. அவர் அப்போது உங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. உங்கள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்கழியில் சங்கத்துக் கூட்டம் போட்டார்கள். கொட்டகையைக் கட்டிவிடலாம், மனையைச் சுத்தமாக வெட்டிச் சிமெண்ட் தரை போடலாம் என்று பேச்சு. நான் எழுந்து நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ரவிக்கைக்கு அளவெடுக்கிற அதட்டல் குரல்தான் வந்தது.

"தெக்குப் பக்கத்துல கை வைக்கக் கூடாது. செத்தவங்களுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

ஊ மாரிமுத்து நல்ல மனுஷர். பாதிப் பாதியாகப் பிரித்தார். தெற்குப் பாதி எனக்கு, வடக்குப் பாதி கொட்டகைக்கு. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன்.

அடுத்த வாரம் ஆட்கள் வந்து வடக்குப் பாதியை ஒட்ட வெட்டினார்கள். காய்ந்த அடித்தாளுக்கு நெருப்பும் வைத்தார்கள். கரிக்கட்டையாகக் கிடந்தது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெற்குதானே முக்கியம்? அதைச் சுற்றிக் கயிறு கட்டினேன். அதில் பழைய ரவிக்கைத் துண்டுகளைக் கொடி மாதிரித் தொங்கவிட்டேன். கோயில் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். கை காலெல்லாம் முள் கீறல், முள்ளுக்கு அடியில் உங்கள் புல் இருக்குமென்று நினைத்தேன். "கெய்ச்சா மஷிபூ" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பரவாயில்லை, பரவாயில்லை என்று. ஒரு குருவியும் வரவில்லை. தை முடிகிறபோது எனக்கு உங்கள் மேல் கோபமே வந்துவிட்டது. என்னை ஏன் இப்படி முள்ளுக்கு நடுவில் விட்டுப் போனீர்கள் என்று அந்த இடத்திலேயே நின்று கத்தினேன். முனீஸ்வரருக்குக் கேட்டிருக்கும்.

சிமெண்ட் போடும் மேஸ்திரி தன் ஊரில் தங்கைக்குக் கல்யாணம் என்று போனவர் திரும்பி வர நாளாயிற்று. அந்த மேஸ்திரியின் தங்கை பதினாறும் பெற்று வாழட்டும். அவள் மட்டும் இல்லையென்றால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

மாசியில் ஒரு ஞாயிறு காலை. வாளியோடு கோயிலைச் சுற்றிக்கொண்டு வருகிறேன், கரிக்கட்டையாகக் கிடந்த வடக்குப் பாதி முழுக்க வெள்ளை. நான் திரும்பிப் பார்க்காத நாட்களில் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்ட புல், ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளிப் பஞ்சு. காற்று வந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தது. வாளியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. பக்கத்து ஃபேக்டரிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு உள்ளே புகுந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஒருத்தி மா கின். பகோ பக்கத்துப் பெண், உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் ஃபேக்டரிதான். அவளோடு பர்மீஸில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, எத்தனை வருஷமாச்சு நான் தெக்கே இப்படிப் பாத்து!" என்றாள்.

"தெக்கேயா? தெக்கே அந்தப் பக்கம் இருக்குடி" என்று நான் முள்ளைக் காட்டினேன். பர்மீஸுக்கு நடுவில் அந்தத் தமிழ் வார்த்தையை அவள் எப்படிச் சொன்னாள் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

"அது வெறும் முள்ளு. இதுதான் தெக்கே."

"இது வடக்கு!"

"வடக்கோ கிழக்கோ, எனக்கென்ன தெரியும்? இந்தப் புல்லுக்குப் பேரே தெக்கேதான் அக்கா. எங்க ஊர்ல கூரை வேயறது இதுலதான். தனம் அக்காவும் அப்படித்தான சொல்லுவாங்க?"

மதினி, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் வாழ்நாள் முழுக்கத் தமிழையும் பர்மீஸையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிப் பேசினீர்கள். உங்கள் தமிழில் எந்த வார்த்தை எந்த ஊர்க்காரன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தாமுவேயில் தகரக் கூரையும் சிமெண்ட் தளமும் தவிர வேறு கூரையைப் பார்க்காதவளுக்குக் கூரைப் புல்லின் பெயர் எப்படித் தெரியும்? நீங்கள் தெக்கேயை வெட்டாதே என்றீர்கள். நான் தெக்குப் பக்கம் வெட்டாதே என்று கேட்டுக்கொண்டேன். நீங்கள் மூன்று வருஷம் வளர்த்த புல்லை வெட்டவும் கொளுத்தவும் கொடுத்துவிட்டு, நீங்கள் பிடுங்க நேரமில்லாமல் விட்டுப்போன முள்ளுக்கு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன்! கொடி வேறு கட்டி!

சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அப்புறம் அழுகை, அதையும் நிறுத்த முடியவில்லை. மா கின் பயந்துபோய் என் முதுகைத் தடவினாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் புல்லில் விழுந்து சிரித்தாள். "வெட்டினா தெக்கேக்கு ஒண்ணும் ஆகாது அக்கா. அதுக்கு உசிரு மண்ணுக்குள்ள. வெட்டி நெருப்பு வச்சாத்தான் அது இப்படிப் பூக்கும்" என்றாள். இது உங்களுக்குத் தெரியுமா மதினி? தெரிந்தும் வெட்ட மனசு வராமல் இருந்தீர்களா?

அங்கிருந்தே உங்கள் தம்பிக்கு போன் போட்டேன். டப்பாவில் ஒட்டியிருந்த "தெக்கே, வடக்கு மூலை"யையும் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "அக்கா... அய்யோ, எங்க அக்கா..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீங்கள் போனபிறகு அவர் வாயிலிருந்து அக்கா என்ற வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

ஆனால் மேஸ்திரி அடுத்த வாரம் வருகிறார். சிமெண்ட் போடப்போவது வடக்குப் பாதியில். நான் பூப்போட்ட லுங்கியைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்துப் பசுந்தாங் போனேன்.

"நீதானம்மா தெக்கே கேட்ட. சண்டை போட்டு வாங்கின. இப்ப வந்து வடக்கு வேணுங்கிற?" என்றார் ஊ மாரிமுத்து.

"நான் அன்னிக்குக் கேட்டதும் தெக்கேதான் தலைவரே. இப்பக் கேக்கறதும் தெக்கேதான்."

அவர் என்னைப் பார்த்தார். கடைப் பெண் என்னைப் பார்த்தாள். மிளகாய் வாங்க வந்தவர் பையை மூடாமல் நின்றார். நான் முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். மனுஷர் சிரிக்கவில்லை. கல்லாவை விட்டு இறங்கி, "வா, பாப்போம்" என்று என்னோடு லைங் தாயாவுக்கு வந்தார்.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லுக்கு நடுவில் போய் நின்றார். காற்று அடித்தது. பஞ்சுத் தலைகளை உள்ளங்கையால் தடவினார். கடைசியில், "புல்லு புல்லுக்குத்தான்னு சொன்னாளே, நான் சிரிச்சேன்" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு உடனே கமிட்டிக் குரலுக்கு மாறினார். "தெக்குப் பக்கந்தான் ரோட்டுக்குக் கிட்ட. பந்தி சாமான் எறக்க வசதி. மேஸ்திரிய முள்ளு மேல கட்டச் சொல்றேன். உனக்கு வடக்கு."

"தெக்கே" என்று நான் திருத்தினேன்.

"போம்மா!" என்றார்.

முள்ளை நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் பிடுங்கினோம். மா கின்னும் அவள் கூட வேலை செய்கிற பெண்களும் ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வந்தார்கள். நான் எலுமிச்சம் சோறும் ஊறவைத்த தேயிலைக் கலவையும் கட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் ஊற்றிய புண்ணியத்தில் முள் எப்படிச் செழித்திருந்தது தெரியுமா? ஒவ்வொரு செடியைப் பிடுங்கும்போதும் "சரோ அக்கா வளர்ப்பு" என்று என்னைக் கேலி செய்துகொண்டே இழுத்தார்கள்.

வைகாசியில் முதல் மழை விழுந்ததும் உங்கள் மற்ற டப்பாக்களைத் திறந்து கொட்டகைக்கும் தெக்கேக்கும் நடுவில் இருந்த வெற்று இடத்தில் விதைத்தேன். அருகம்புல் வந்துவிட்டது, நாணல் கொஞ்சம். இரண்டு டப்பாவில் சீட்டு உரிந்துபோய்விட்டதால் என்ன புல் என்றே தெரியாமல் விதைத்தேன். ஒன்று முளைத்து ஊதா நிறத்தில் பூத்தது. அதன் பெயர் என்ன மதினி? மா கின்னுக்கும் தெரியவில்லை. நாங்கள் தனம் புல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். தெக்கே மற்றதை விழுங்கிவிடும், ஓரத்தில் வேரை வெட்டி வெட்டி அதட்டி வைக்க வேண்டும் என்று மா கின் சொல்லியிருக்கிறாள். அதட்டுவது எனக்குக் கைவந்த கலை.

குருவி? வந்தது. ஆனியில் வந்தது. முனீஸ்வரர் பக்கத்து இலந்தை மரத்தில் தினைக்குருவி ஒரு ஜோடி. தெக்கே இலையைக் கிழித்து, தன் உடம்பைவிட நீளமான இலையை வாயில் கவ்விக்கொண்டு, அது காற்றில் இழுக்க இழுக்கப் பறந்து போனது. கூடு என்னவோ பந்து மாதிரி அலங்கோலமாகத்தான் இருந்தது. தையல்காரியாகச் சொல்கிறேன், பின்னல் சரியில்லை. ஆனால் மழைக்கு ஒழுகவில்லை. உங்கள் தம்பி குடை பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் மேல் அலமாரியிலிருந்து உங்கள் தட்டை எடுத்தார். கழுவி, அதிலேயே சாப்பிட்டார். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

ஆவணியில் புதுக் கொட்டகையில் முதல் கல்யாணம். பெண்ணுக்கு ரவிக்கை நான் தைத்ததுதான். மாப்பிள்ளை வீட்டார் வழி தெரியாமல் ஃபெர்ரி நிற்கிற இடத்தில் இறங்கி, அங்கே நின்ற நம் பிள்ளைகளிடம் விசாரித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் வரும், ஆனால் இந்த வார்த்தை மட்டும் எல்லாருக்கும் வாயில் நிற்கிறது.

"கல்யாணம் எங்கப்பா?"

"தெக்கேகிட்ட."

"தெக்கேன்னா எங்க?"

"வடக்கே."

மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கே வந்துவிட்டார்களாம், கிண்டல் செய்கிறார்கள் என்று! பெண்ணின் அப்பா ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லி அழைத்து வந்தார். பந்தியில் இதே பேச்சு. உங்களை நேரில் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு உங்களைப் பற்றிப் பேசிச் சிரித்தபடி சாப்பிட்டார்கள் மதினி. கையில் சாம்பார் வாளியோடு நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷத்தில் உங்களை நினைத்து ஏங்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இனி மறுபடி ஒரு சத்தியம். போன தடவை காதில் தப்பாக விழுந்ததால் இந்தத் தடவை எழுத்தில் தருகிறேன். மார்கழி வந்ததும் தெக்கேயில் பாதியை வெட்டுவேன், பாதியைக் குருவிக்கு விடுவேன். அடுத்த மார்கழியில் மறு பாதி. நீங்கள் வெட்டாதே என்றுதான் சொன்னீர்கள், அது இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் வெட்டுவேன். அது பூத்ததை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். என் கைக்குத் தெம்பு இருக்கும்வரை ஒவ்வொரு மாசியிலும் உங்களுக்கு அது பூக்கும். இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி,
தெக்கே எது வடக்கே எது என்று இப்போது தெரிந்துகொண்ட
சரோ